கண்ணாடியை ஏற்றினேன்

செவ்வாய், இரவு.

பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும் பதினான்கு வயது மகள் மலருக்கு ஈப்போ மனநல டாக்டர் கொடுத்த மாத்திரை மேசையில் பிரிக்காமல் கிடக்கிறது. மாதக்கணக்காக அழுகை, கோபம், பட்டினி. மருந்தால் எடை கூடலாம், மனம் கொஞ்சம் மந்தமாகலாம், கொடுக்காமல் விடுவதும் ஆபத்துதான் என்றார். மந்தமாகலாம் என்றதுதான் என்னை உறுத்துகிறது. சின்ன வயதில் கார் கண்ணாடியை இறக்கி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள் எல்லோருக்கும் கையாட்டிக் கத்துவாள். அவர்களும் கூடையோடு நிமிர்ந்து கூவுவார்கள். அந்தக் கத்தலை மருந்து அடக்கிவிடுமோ?

இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பும்போது, கியா பார்ம் காய்கறிச் சந்தை தாண்டித் தேயிலை தெரிந்ததும், அவள் பக்கக் கண்ணாடியை இறக்கினேன். "இங்க வந்தா கத்துவியே, ஞாபகம் இருக்கா?"

"குளுருதும்மா. அந்தப் பிள்ள போயி ரொம்ப நாளாச்சி லா. இப்ப நான்தான் இருக்கேன்."

கண்ணாடியை ஏற்றினேன். நாளை காலை பசியாறியதும் முதல் மாத்திரை.