உன் இரண்டாவது பெட்டி

பூச்சி உருண்டை வாசனை என் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. மாரெட்பள்ளியில் உன் வீட்டிலிருந்து உன் தகரப் பெட்டியைப் பின் இருக்கையில் வைத்துக் கொண்டுவந்தது ஒரே ஒரு தடவைதான். பெட்டி போய் மாதக்கணக்காகிறது. இன்று காலையில் அலுவலகத்துக்கு என்னோடு காரில் வந்த பெண், "சார், பழைய துணி ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மற்றதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நாம் படித்த காலத்தில் செகந்திராபாத்தில் தமிழ் காமிக்ஸ் வருவது ஸ்டேஷன் பக்கத்தில் ஒரே ஒரு கடைக்கு. அதுவும் இரண்டு மூன்று பிரதிகள்தான். மெட்ராஸ் ரயிலில் கட்டு வந்து இறங்கும் நாளை நீ எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவாய். இரண்டு பேர் சில்லறையையும் சேர்த்தால் ஒரு புத்தகம். எங்கள் வீட்டில் அப்பா கிழித்துப் போட்டுவிடுவார் என்பதால் எல்லாம் உன் வீட்டில்தான் இருக்கும். உங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து நீ வாசிப்பாய், நான் கேட்பேன். பள்ளியில் தெலுங்கும் ஹிந்தியும் படித்த எனக்குத் தமிழை எழுத்துக் கூட்டத்தான் வரும். உனக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த உன் அம்மா வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். பனிமலையில் கொள்ளைக்காரனைத் துரத்தும் வெள்ளைக்காரப் போலீஸ்காரன் உன் வாயில், "எங்கல ஓடுத, நில்லுல" என்று கத்துவான். அப்படித்தான் அச்சடித்திருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை என் கையில் கொடுக்கும்போது மட்டும் கறாராக இருப்பாய். "மடக்காம பிடில. பெரியாளானதும் உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு வாங்குவோம். அப்ப உன் புக்கை நீ என்னமும் பண்ணிக்கோ."

பெரியாளானோம். நான் இஞ்சினியரிங் முடித்து வெளிநாடு போனேன். நீ ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் சேர்ந்தாய். பிறகு நானும் திரும்பி வந்து மாதாப்பூரில் வீடு வாங்கினேன். ஒரே ஊர்தான். ஆனால் நீ இருந்த ஊரும் நான் இருந்த ஊரும் வேறு வேறு போலத்தான் இருந்தன. கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம். கடைசியாக ஒரு ரிசெப்ஷனில் கை கழுவும் இடத்தில் நின்றபடி கேட்டாய்: "உன் பங்கு அப்படியே கிடக்குல. என்னைக்கு வார?"

பள்ளிக்கூடக் காலத்துக் கிழிசல்களைத்தான் சொல்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். "நீயே வச்சுக்கோடா. எனக்கு எங்க நேரம்."

"சரி, கிடக்கட்டும்" என்றாய்.

உனக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் வேலையாக வெளியூரில் இருந்தேன். முப்பதாம் நாள் பூசைக்குத்தான் வர முடிந்தது. அன்று மாதா கோயில் வாசலில் உன் மனைவி ஸ்டெல்லா, "அண்ணே, வேற சின்ன வீடா பார்த்து மாறுறோம். உங்க பெட்டி கிடக்கு, வந்து எடுத்துக்கிடுங்க" என்றார்.

"என் பெட்டியா?"

"உங்களுதுன்னுதான் அவங்க சொல்லுவாங்க."

உன் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. உன் மகள் ஒன்றை இழுத்துக் கொடுத்தாள். "அங்கிள், அந்தப் பெட்டியை என்ன வேணா பண்ணலாம். இதை மட்டும் நக்கோ, வேணாம்னுடுவார் டாடி. கையே வைக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து திறந்தேன். ஒவ்வொரு புத்தகமும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில், மாத வரிசையில் இருந்தது. நன்றாகப் பாதுகாத்திருக்கிறாய் என்று மட்டும் தோன்றியது. வீட்டில் இதற்கு இடமில்லை என்று என் மனைவி சொன்னாள். விற்றுவிடலாமா என்று யோசித்தேன். ஆமாம், முதலில் தோன்றியது அதுதான்.

எங்கள் அலுவலகத்தில் பிரபாகர் என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன் இருக்கிறான். மென்பொருள் வேலை போக, பழைய காமிக்ஸ் வாங்கி விற்பான். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாவது புத்தகத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டான்.

"சார், இதை அப்படியே வித்தா ஒரு விலைங்க. அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் பண்ணி வித்தா விலையே வேறங்க. அவங்க ஒவ்வொரு புக்கா பார்த்து பத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடுவாங்க. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூட்டுல வச்சு சீல் பண்ணிடுவாங்க."

"அப்புறம் படிக்கணும்னா?"

"படிக்கிறதுக்கா சார் வாங்குவாங்க? கூட்டை உடைச்சா மார்க் போயிடும்."

ஒரு புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "சாதாரணமா நம்ம ஊர் புக்குக்கு கிரேடிங் வேஸ்ட்டுன்னுதான் சொல்லுவேன். செலவும் ஆகும், மாசக்கணக்குல காத்திருக்கணும். ஆனா இதுல பின்ல துரு இல்லை. முதுகுல ஒரு கோடு இல்லை. இதையெல்லாம் யாரும் திறந்துகூடப் பார்க்கலை சார். படிக்க ஒண்ணு, வச்சிருக்க ஒண்ணுன்னு ரெண்டு ரெண்டா வாங்கியிருப்பார். விவரமான ஆளுங்க. இன்வெஸ்ட்மெண்ட்."

கட்டிலுக்கு அடியில் பார்த்த இன்னொரு பெட்டி அப்போதுதான் ஞாபகம் வந்தது. உறைகளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நான் வெளிநாட்டில் இருந்த வருஷங்கள். எனக்குக் கல்யாணமான வருஷம். திரும்பி வந்து, பக்கத்திலேயே இருந்தும் வராமலிருந்த வருஷங்கள். நான் ‘எனக்கு எங்க நேரம்’ என்று சொன்ன மாதத்துக்கு அடுத்த மாத இதழும் இருந்தது. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முகம் எரிந்தது. நல்லவேளை, பிரபாகர் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நீ முதலீட்டுக்காக வாங்கவில்லை என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பற்றியதாக இருக்கும்.

ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனேன். விஷயத்தைச் சொல்லி, விற்று வருவதெல்லாம் உங்களுக்குத்தான் என்றேன்.

"அது எப்படிண்ணே? உங்களுதாச்சே."

"உங்க வீட்டுக் காசுல வாங்கினது, ஸ்டெல்லா."

"தெரியும். ஒரு தடவை நானே கேட்டேன், எதுக்கு ரெண்டுன்னு. ‘வந்தான்னா அவன் என்னத்தைப் படிப்பான்’னாங்க. அதோட விட்டுட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒரு போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கலாமே அவன்."

ஸ்டெல்லா டீயை வடிகட்டிக்கொண்டே சொன்னார். "நானும் அதைத்தான் சொன்னேன். ‘கூப்பிட்டா பாவம், அவன் ஏதாவது காரணம் தேடிச் சொல்லணும்’னுட்டாங்க."

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டார். நான் போதும் என்றேன். வாயில் வைத்தது இனிப்பா கசப்பா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எல்லாவற்றையும் உறையிலிருந்து உருவி, முதல் இதழிலிருந்து படித்து முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. நீ அதற்காகத்தானே வாங்கினாய்? ஆனால் நான் திறக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் விலை பாதியாகிவிடும். உன் மகள் நர்ஸிங் சேரக் காத்திருந்தாள். படித்தால் எனக்கு மனம் ஆறும், செலவு அவள் தலையில் விழும். அதை நினைத்தபோது படிக்க ஆசைப்பட்டதற்கும் கூச்சமாக இருந்தது. கிரேடிங்குக்கு அனுப்பலாம் என்று பிரபாகரிடம் சொன்னேன்.

மகள் படிப்புக்கு என்று சொன்னதால் ஸ்டெல்லா ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. "ஒண்ணையாவது படிச்சிட்டு அனுப்புங்கண்ணே."

நீ கடைசியாக வாங்கிய இதழை உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தேன். புதுத் தாள் சத்தம் போட்டுத் திறந்தது. உன் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். இந்த வயதிலும் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். நான் தடுமாறிய இடங்களில் அவள் சிரிக்காமல் காத்திருந்தாள். சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. அந்த இதழ் மட்டும் பெட்டியோடு போகவில்லை.

மற்றவையெல்லாம் போய், மார்க் வாங்கி, கூட்டுக்குள் அடைந்து வந்தன. வந்த வேகத்தில் விற்றுப்போயின. உன் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மார்க் வந்த அன்று பிரபாகர் என் மேஜைக்கே ஓடி வந்தான். "சார், பாதிக்கு மேல ஒன்பது புள்ளி ஆறு. தமிழ் புக்குக்கு இப்படி மார்க் வந்து நான் பார்த்ததே இல்லீங்க. ஒரு தடவைகூட யார் கையும் படலைன்னு அர்த்தம்."

பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். நானும் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அந்த மார்க் புத்தகத்துக்குப் போட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் உன் வீட்டுக்கு வராமல் இருந்ததற்கு எனக்குப் போட்டது அது. பத்துக்கு ஒன்பது புள்ளி ஆறு.