குணம் என்ற சொல்

மார்ச் 4
மூன்று நாளாக ஒரு ஃபின்லாந்து மருத்துவரின் கட்டுரையோடு மல்லுக்கட்டு. ஆங்கிலம் நன்றாகவே எழுதுகிறார். ஆனால் புற்றுநோய் கட்டுக்குள் வந்த எல்லோரையும் 'குணமானவர்கள்' என்கிறார். எங்கள் மருத்துவ இதழில் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தால்தான் அந்தச் சொல். அதுவரை 'தணிந்திருக்கிறது' மட்டுமே. பதினேழு இடத்தில் அடித்துத் திருத்தினேன். எடின்பரோவில் இன்னும் மழை.

மார்ச் 9
என் கணவன் டூகலுக்கு இன்று அறுபது. பக்கத்து வீட்டு ரோரியும் மனைவியும் சாப்பிட வந்தார்கள். டூகல் கோப்பையைத் தூக்கி, "ஸ்கேன் சுத்தமா இருக்கு. குணமாயிட்டேன்!" என்றான். என் வாய் சும்மா இருந்ததா?

"குணம்னு சொல்லக் கூடாது. தணிஞ்சிருக்கு, அவ்வளவுதான். சிகிச்சை முடிஞ்சு பதினாலு மாசம்தானே ஆச்சு."

யாரும் குடிக்கவில்லை. ரோரிதான் சமாளித்தான்: "இவகிட்ட பிறந்தநாள் வாழ்த்து சொல்லணும்னாகூட அடிக்குறிப்பு போடணும்பா." டூகல் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு சொன்னான், "ஒரு நாள், ஐல்சா. ஒரே ஒரு நாள் அந்த வார்த்தையை எனக்கு விட்டுக் குடுத்திருக்கலாம்ல?"

என்ன மனுஷி நான்?

மார்ச் 10
இனி அவன் பேச்சில் கை வைக்க மாட்டேன். அவனிடமே சொல்லிவிட்டேன். "பாப்போம்" என்றான்.

ஜூன் 21
திரும்பிவிட்டது. கல்லீரலில். மருத்துவர் மென்று விழுங்கினார். எனக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியும் — சில மாதம்கூட இல்லை.

ஜூன் 24
டூகல் எதை எழுதினாலும் நான் ஒரு தடவை பார்த்த பிறகுதான் அனுப்புவான். இன்று வெலிங்டனில் இருக்கும் மகள் கர்ஸ்டிக்கு மின்னஞ்சல். 'அப்பா முழுக்கக் குணமாயிட்டேன். புது வேலையைக் கவனி. கிறிஸ்துமஸுக்கு வந்தால் போதும்.'

"டூகல், இது—"

"எழுத்துப்பிழை இருந்தா மட்டும் சொல்லு."

அன்று விருந்து முடிந்தபோது இருந்த அதே முகம். வாக்குக் கொடுத்திருக்கிறேனே. ஒரு கால்புள்ளி மட்டும் சேர்த்தேன். அனுப்பினான்.

ஜூலை 2
அவளிடம் சொல்லியாக வேண்டும். நாளைக்கு.

ஜூலை 19
காய்ச்சல், ஆஸ்பத்திரி. இன்றுதான் கர்ஸ்டியைக் கூப்பிட்டேன். வந்து சேர முப்பது மணி நேரமாவது ஆகுமாம். ஐயோ, நாளைக்கு நாளைக்கு என்று என்ன செய்துவிட்டேன்!

ஜூலை 20
காலை ஆறே கால். டூகல் போய்விட்டான்.

ஜூலை 22
கர்ஸ்டி வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கைபேசியில் அந்த மின்னஞ்சலைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்பா எழுதுறதையெல்லாம் நீ பாத்த பிறகுதானேம்மா அனுப்புவார். இதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எதுவும் தப்பாத் தெரியலையா உனக்கு?"

அவள் கோட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

வியாழக்கிழமை அடக்கம். பத்திரிகைக்கான மரண அறிவிப்பை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள். பார்த்துத் தரட்டுமா என்று கேட்டேன். தலை நிமிராமல், "நீ பாக்க வேணாம்மா" என்றாள்.