மேஸ்திரிக்கு ஒரு புது ஆள்

ஜூன் 11

நேற்றும் மழை, இன்றும் மழை. இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் சாயா ஆறிவிட்டது. ஆறட்டும். எழுபத்திரண்டு வயதில் எழுத வந்த கை மெதுவாகத்தான் போகும்.

ஆரியசாலையில் மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் போனேன். முன்பு என்னோடு மூட்டை தூக்கிய லிங்கராஜ், காலிச் சாக்குக்குள்ளிருந்து ஒரு பூனைக்குட்டியை எடுத்து என் சட்டைக்குள் விட்டான். "தாய் செத்துப் போச்சு அண்ணாச்சி. நீரு கொண்டு போவும்." பஸ்ஸில் கரமனை வீட்டுக்கு வரும் வரைக்கும் நெஞ்சில் இரண்டு இதயம் அடித்தது.

ஜூன் 12

தப்பு செய்துவிட்டேன். மூட்டை தூக்கும் எங்கள் சுமட்டுக் கூட்டத்தில் புது ஆள் வந்தால், முதல் நாள் மேஸ்திரியின் சோற்றுப் பாத்திரத்தில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். அப்புறம் சண்டை வராது. எங்கள் வீட்டுப் பூனைக்குப் பெயரே மேஸ்திரி. பத்து வயது. யார் வேலை செய்தாலும் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான். அவன் தட்டில் குட்டியைக் கொண்டு வைத்தேன்.

அறைந்தான். குட்டியின் காதில் ரத்தம். மேஸ்திரி மதில் ஏறி மழைக்குள் போய்விட்டான்.

மகள் செண்பகவல்லி சத்தம் போட்டாள். "பத்து வருசமா இருக்கவன வெரட்டியாச்சு. அவன் வரலன்னா இதுவும் இங்க இருக்காது, பாத்துக்கிடுங்க."

ஜூன் 13

வரவில்லை.

ஜூன் 14

காலையில் வாசலில் நின்றான், நனைந்த முகத்தோடு. மீன் வைத்தேன். தொடாமல் வீட்டை முகர்ந்தான். திரும்பவும் போய்விடுவானோ?

நாலு பூனை வளர்க்கும் பக்கத்து வீட்டு மலையாளப் பெண் ஸ்வப்னா சிரித்தாள். "பூனைக்கு எந்தினா விருந்து, அப்பூப்பா? கதவ அடைச்சு வைங்க. ஆத்யம் மணம் தெரியட்டும். முகம் பின்னே மதி." விருந்தெல்லாம் எதற்கு, முதலில் வாசனை பழகட்டும், முகம் பார்ப்பது அப்புறம் போதும் என்கிறாள்.

குட்டியை என் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். என் துண்டால் அதைத் துடைத்து, அந்தத் துண்டை மேஸ்திரி படுக்கும் மூலையில் போட்டேன். அவன் படுத்த சாக்கு குட்டிக்கு.

ஜூன் 17

துண்டைப் பார்த்துச் சீறினான். சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் படுத்தான் — ஓரத்தில்தான்.

மத்தியானம் மழைச் சத்தத்தில் கண் அசந்தேன். ஆரியசாலைத் தெரு முழுவதும் ஆறு. மூட்டைகள் மிதந்து போகின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூனை. யாருக்கும் அவசரம் இல்லை.

ஜூன் 20

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தின்றார்கள். கதவடியில் ஒரு சின்னக் கால் வெளியே நீண்டது. மேஸ்திரி பார்த்தான். அடிக்கவில்லை!

ஜூன் 24

ஒரு சாண் திறந்தேன். ஒரு சீறல். சாத்திவிட்டேன். "அவங்க பாத்துக்கிடுவாங்க. நீங்க எதுக்குப்பா மூச்சப் பிடிச்சிட்டு நிக்கிய?" என்றாள் செண்பகவல்லி.

ஜூன் 30

காலையிலிருந்து கதவு திறந்தே கிடக்கிறது. என் கட்டிலில் தலைமாட்டில் மேஸ்திரி, கால்மாட்டில் குட்டி. இருவரும் தூக்கம். நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் இருக்கிறது. படுத்தால் எழுந்துவிடுவார்கள். தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். எனக்கு ஒரு பாய் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனாள்.