பார்த்த பிறகு பிரி

வண்ணார்பேட்டை,
12.4.1998

அன்புள்ள ஸமீஹாவுக்கு,

நானும் அண்ணாவும் சௌக்கியம். உன்னையும் ரசீத் அண்ணனையும் ஷார்ஜா வெயில் இன்னும் வறுத்து எடுக்கவில்லை என்று நம்புகிறேன்.

நீ பதிந்து அனுப்பிய மெல்போர்ன் கார் பந்தயக் கேசட்டை வாங்க மேலப்பாளையம் போயிருந்தேன். உங்கள் உம்மா பழமும் பாலும் கொடுத்து, "ரெண்டு பேருக்கும் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, காரு பந்தயம் பாக்குதியளோ?" என்று கேட்டார்கள். கல்லூரி இரண்டாம் வருடம் கல்யாணக் கேசட் என்று நினைத்து உங்கள் வீட்டில் போட்டோமே, அதில் காராக ஓடியதே, அன்று பிடித்த பைத்தியம் இது என்று சொன்னால் அவர்களுக்குப் புரியுமா?

பந்தயத்தைப் பார்த்துவிட்டுத்தான் உன் சீட்டைப் பிரித்தேன். என் ஆள் ஷூமாக்கரின் எஞ்சின் தொடக்கத்திலேயே போய்விட்டதில் உனக்கு இருக்கும் சந்தோஷம் எழுத்திலேயே தெரிகிறது. இருக்கட்டும், வருடம் நீளமானது. ஆனால் கூல்தார்ட் செய்ததுதான் மனசில் நிற்கிறது. ஒரே அணிக்காரர்களான அவரும் ஹக்கினனும், முதல் திருப்பத்தில் யார் முந்துகிறாரோ அவருக்கே வெற்றி என்று பேசிக்கொண்டார்களாம். கையில் இருந்த வெற்றியை, வேகத்தைக் குறைத்து, உன் ஹக்கினனுக்கு விட்டுக்கொடுத்தாரே! முட்டாள்தனம் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. வாக்கு என்றால் வாக்குதான்.

நாமும் அப்படித்தானே? போன வருடக் கடைசிப் பந்தயத்தின் முடிவைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிக் கேசட் பார்க்கும் ஆசையைக் கெடுத்தாய். இரண்டு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. அப்புறம்தானே இந்த ஏற்பாடு வந்தது: பந்தயச் செய்தி தனிச் சீட்டில், நாலாக மடித்து, கோந்து தடவி, மேலே 'பார்த்த பிறகு பிரி'.

சீட்டுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. உன் கடிதங்களை அண்ணா படித்துவிட்டுத்தான் தருகிறார். சீட்டை மட்டும் தொடுவதில்லை. "எந்தக் கார் ஜெயிச்சா நமக்கென்ன" என்பார்.

பள்ளியில் மூன்றாவது வருடமாகத் தற்காலிகக் கணக்கு டீச்சர். எனக்கு அங்கே வரவேண்டும் போல் இருக்கிறது, ஸமீஹா. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அண்ணாவிடம் ஒருமுறை பேச்செடுத்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்விட்டார். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தானே. உன் பக்கத்துப் பள்ளிகளில் ஆள் எடுத்தால் தெரிவி. கடிதத்தில் எழுதிவிடாதே.

உன்,
கோமு


ஷார்ஜா,
3.9.1998

அன்புத் தோழி கோமுவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் நலம். உன் அண்ணாவுக்கும் என் வணக்கம், அவர்தானே முதலில் படிப்பார். அங்கே சாரல் உண்டா? இங்கே வானம் கொதிக்கிறது.

என் அண்ணன் கனி காக்கா ஊருக்கு வருகிறார். பெல்ஜியம் பந்தயக் கேசட்டையும் இந்தக் கடிதத்தையும் உங்கள் வீட்டிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இதைத் தள்ளிப் போடாமல் வந்த அன்றே பார். இந்த வருடத்தில் இப்படி ஒரு பந்தயம் இல்லை. சீட்டு உள்ளே இருக்கிறது.

பதிலை உடனே எழுது. இந்த முறை சோம்பல் கூடாது.

உன்,
ஸமீஹா


(ஒட்டிய சீட்டு: பார்த்த பிறகு பிரி)

பார்த்தாயா அந்த மழையை? முதல் சுற்றிலேயே பதிமூன்று கார்கள் ஒன்றின்மேல் ஒன்று! மறுபடி கிளப்பினால் என் ஹக்கினன் சுழன்று வெளியே. தனியாகப் பறந்துகொண்டிருந்த உன் ஆள், உன் வாக்குத் தவறாத கூல்தார்ட்டின் பின்னாலேயே போய் இடித்து மூன்று சக்கரத்தில் திரும்பினார். கடைசியில் டேமன் ஹில் ஜெயித்ததை நாம் இருவரும் நினைத்தோமா?

இனி முக்கியமான சங்கதி. என் மகள் படிக்கும் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேண்டும். சென்னையில் அக்டோபர் நாலாம் தேதி நேர்முகம். செப்டம்பர் இருபத்தைந்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். விலாசம் பின்பக்கம். பிரின்சிபால் அம்மாவிடம் உன்னைப் பற்றி நானே போய்ப் பேசிவிட்டேன். என் வீட்டிலேயே தங்கலாம் என்று என் வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். கோமு, இதை விட்டுவிடாதே.


வண்ணார்பேட்டை,
21.9.1998

அன்புள்ள ஸமீஹாவுக்கு,

கனி அண்ணன் வந்த நேரம் நான் பள்ளியில் இருந்தேன். அண்ணாதான் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து நினைவு வந்து கொடுத்தார்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அண்ணாவை நான் தப்பாக நினைத்திருந்தேன். நீ கொடுத்துவிட்டுப் போன வீடியோ டெக்கில் படம் கோடு கோடாக விழுகிறதென்று மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தேனா? கேசட் வந்த கையோடு அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் சிவசைலத்தின் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். மதுரையிலிருந்து ஒரு பாகம் வர வேண்டுமாம். தினமும் கேட்கிறேன். "வரும், வரும்" என்கிறார்.

சீட்டு என் லாகரிதம் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. கை துறுதுறுக்கிறது. நேற்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தேன், ஆனால் பிரிக்கவில்லை. வேறு வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்றால், காலாண்டுப் பரீட்சைத் தாள்கள் மலைபோல் கிடக்கின்றன. இத்தனை நாள் பொறுத்தவள் இன்னும் பத்து நாள் பொறுக்க மாட்டேனா? கூல்தார்ட்டுக்கு நான் குறைந்தவள் இல்லை.

உன்,
கோமு


ஷார்ஜா,
6.10.1998

கோமு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பதிலே இல்லையே, வேண்டாம் என்று நினைத்துவிட்டாய் போல என்று ஒரு மாதமாக உன்மேல் கோபமாக இருந்தேன்.

சீட்டைப் பிரி. டெக் வந்தாலும் வராவிட்டாலும் பிரி.

ஸமீஹா


வண்ணார்பேட்டை,
18.10.1998

அன்புள்ள ஸமீஹாவுக்கு,

பிரித்தேன். நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். நாலாம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை, தலை தேய்த்துக் குளித்துவிட்டு, இந்தச் சீட்டு இருந்த புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் சீட்டின் ஓரத்தைக் கவனித்தேன். நீ எப்போதும் கோந்து தடவித்தான் ஒட்டுவாய். இதில் கோந்துக்கு மேலே ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஷார்ஜாவில் யாராவது சோற்றால் ஒட்டுவார்களா? எங்கள் வீட்டில் ஒட்டுவோம். மின்சார ரசீது, பஞ்சாங்கக் கிழிசல், எல்லாவற்றையும் அண்ணா சோற்றால்தான் ஒட்டுவார்.

நேராகச் சிவசைலம் கடைக்குப் போனேன். அவர் டெக்கைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். "மூணே நாள்ல முடிஞ்சிட்டும்மா. ஒங்க அண்ணாச்சிதான், பைய வந்து எடுத்துக்கிடுதேன்னுட்டுப் போனாவ" என்றார்.

வீட்டுக்கு வந்து சீட்டை அண்ணாவின் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தேன். அதை எடுத்து, அந்தப் பருக்கையை நகத்தால் தடவினார். பிறகு, "நீ போயிட்டா ஆத்துல நான் யாரோட பேசறது? தேதி போறவரைக்கும் நீ பிரிக்கமாட்டேன்னு நேக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் தாங்கவில்லை. என் வாக்கை என்னைவிட நன்றாக அவர் தெரிந்துவைத்திருக்கிறார், ஸமீஹா. அதைக்கொண்டே என்னைக் கட்டிப்போட்டார்.

"கேட்டிருந்தா நானே வேண்டாம்னு இருந்தாலும் இருந்திருப்பேன், அண்ணா. இனிமே இருக்க மாட்டேன்" என்று சொன்னேன். சத்தம் போடவில்லை. அவரும் எழுந்துபோகவில்லை, காபி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அவர் கண்ணெதிரே நிரப்பினேன். பிறந்த தேதிச் சான்றிதழ் பரணில் இருந்தது. அவரே ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல்.

பெல்ஜியம் கேசட்டை இன்னும் போடவில்லை. அதற்குப் பதில் நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டி எல்லா முடிவுகளையும் படித்துவிட்டேன். உன் ஆள் நாலு புள்ளி முன்னால். நவம்பர் ஒன்றாம் தேதி ஜப்பானில் கடைசிப் பந்தயம். உனக்குக் காலையிலேயே தெரிந்துவிடும் அல்லவா?

சீட்டு வேண்டாம். கோந்து வேண்டாம். முடிவை முதல் வரியிலேயே எழுது. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

உன்,
கோமு


ஷார்ஜா,
1.11.1998

உன் ஆள் தோற்றுவிட்டார், கோமு.

முதல் வரியில் எழுதிவிட்டேன். இரண்டாவதையும் மறைக்கவில்லை: பள்ளியில் வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

சற்று முன்புதான் பந்தயம் முடிந்தது. முதல் வரிசையில் முதல் ஆளாக நின்ற ஷூமாக்கரின் எஞ்சின், கிளம்பும் நேரத்தில் நின்றுபோனது. எல்லோருக்கும் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாம் இடம்வரை வந்தார். பிறகு டயர் வெடித்தது. ஹக்கினன் சாம்பியன். ஆறு மாதம் இதற்காகத்தான் துஆ கேட்டேன், ஆனால் கடைசியில் என் கண் உன் ஆளின் கார்மேல்தான் இருந்தது.

உன்மேல் ஒரு மாதம் கோபப்பட்டதற்கு என்னை மன்னித்துவிடு. வேறு வழியில் செய்தி சொல்ல எனக்கும் தோன்றவில்லையே.

சங்கரண்ணாவுக்கு: நீங்களும் படிப்பீர்கள் என்றே எழுதுகிறேன். ஏப்ரலில் பள்ளி திறக்குமுன் இன்னும் ஒருவரை எடுக்கிறார்கள். ஜனவரி பத்தாம் தேதி, சென்னை. தனியாக அனுப்பப் பயமாக இருந்தால் நீங்களே கூட்டிப் போங்கள். அவள் எழுதும் கடிதங்களில் பாதி உங்களைப் பற்றித்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

கோமு, மார்ச்சில் மறுபடி மெல்போர்ன் பந்தயம் வரும். பதிந்து வைப்பேன். கனி காக்கா கையில் கொடுத்துவிட மாட்டேன். டிவியை அணைத்துவிடுவேன், பேப்பரையும் பிரிக்க மாட்டேன். நீ வரும்வரை எனக்கும் முடிவு தெரியாது.

உன்,
ஸமீஹா