அரை மில்லிமீட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. அத்தானுக்கு வேலையில் இடமாற்றம் வரும் என்றார்கள், வரவில்லை. பல் லேபில் எனக்கு எப்போதும் போல யார் யாருடைய வாயோதான் பிழைப்பு. போன வாரம் ஒரே நாளில் பதினொரு பல்செட். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முறை. கேட்கிறேன். பதில் தெரிந்துகொள்ளும் அவசரம் இந்தத் தடவை எனக்கு இல்லை.

ஒன்பது தடவை போன் செய்தேன். அம்மா கூப்பிட்டால் உடனே எடுக்கிறாய், என் நம்பர் வந்தால் மட்டும் மீட்டிங்கில் இருக்கிறாய். அதனால்தான் காகிதமும் பேனாவும். கிழித்துப் போடுவதாக இருந்தால் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி.

போன மாதம் நம் மாடல் கார் சங்கத்தின் கண்காட்சி நடந்தது. அதே பள்ளிக்கூட ஹால்தான், அதே கிறீச்சிடும் மின்விசிறிகள். எனக்கு ஜன்னலோர மேஜை கொடுத்திருந்தார்கள். நம் டாக்ஸியை வைத்தேன். நம் டாக்ஸி என்று பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும். நீ போன பிறகு உள்பக்கம் முழுக்கப் புதிதாகச் செய்தேன். டிரைவர் சீட்டின் கிழிசலில் பஞ்சு தெரியும். இடப்பக்கப் பின்கதவில் கண்ணாடி இறக்கும் கைப்பிடி இருக்காது, நிஜ வண்டியிலும் இல்லையே, அதனால். மீட்டர் பெட்டியை ஏழு தடவை ரெசினில் ஊற்றி ஆறைத் தூக்கிப் போட்டேன். ஒரு சாண்கூட இல்லாத வண்டிக்கு எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள். அத்தான் என்னைக் காய்கறி வாங்க அனுப்புவதையே விட்டுவிட்டார்.

பதினொரு மணி வாக்கில் ஒரு மனிதர், நீ வேலை பார்க்கும் மாடல் கார் கம்பெனியின் பெட்டியோடு வந்தார். பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வண்டிக்கூட்டை எடுத்து என் டாக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டையும் மாறி மாறிக் காட்டினார். விளக்கவே தேவையில்லை. கூரை வளைவு அதே, கதவு இடுக்கு அதே, பானெட் ஓரத்தில் நான் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்ட இடம்கூட அதே. கூட்டம் கூடிவிட்டது. சங்கச் செயலாளர் வந்தார், அந்த ஓய்வுபெற்ற வரைபடக்காரர், உனக்குத் தெரிந்தவர்தான். இரண்டையும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, விசாரிக்கிற வரைக்கும் இதைக் கீழே வச்சுடலாம்" என்று சொல்லி, என் டாக்ஸியைத் தூக்கி மேஜைக்கு அடியில் ஒரு செய்தித்தாள் மேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். நான் ரெசினில் சக்கரம் ஊற்றிக் கொடுத்த ஆட்களே நாலு பேர் அங்கே இருந்தார்கள். எல்லாருக்கும் அந்த நிமிஷம் பார்த்து அவரவர் மேஜையில் ஏதோ சரிசெய்ய வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டியை நான் பார்த்தது அது முதல் தடவை இல்லை. மூன்று மாதம் முன்பு நீ அம்மாவுக்கு அனுப்பினாயே, அது எங்கள் வீட்டு ஃபிரிஜ் மேல்தான் இருக்கிறது. பக்கவாட்டில் "மூல மாதிரி உருவாக்கம்" என்று போட்டு உன் பெயர். அம்மா வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காட்டுகிறாள். போன வாரம் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவருக்கும் காட்டினாள். "என் பையன் ஒண்ணுமில்லாததுல இருந்து ஒரு காரையே செஞ்சிருக்கான்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பெட்டி வந்த அன்றைக்கே உன் பெயரைப் பார்த்தேன், மென்று முழுங்கினேன். ஒரே பெயர் போடத்தான் இடம் இருந்திருக்கும், கம்பெனியில் நெருக்கியிருப்பார்கள், அடுத்த பெட்டியில் சொல்வான் என்று உனக்காக நானே காரணம் தேடித் தந்துகொண்டிருந்தேன். அக்கா வேலை அதுதானே.

ஆனால் சங்கம் விசாரித்து எழுதியதற்கு நீ அனுப்பிய பதிலை முழுங்க முடியவில்லை. செயலாளர் அதைத் தாளில் அச்செடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கூடத்தில் உட்கார்ந்து படித்தேன், அம்மா உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். மூல மாதிரியைச் செய்தது நீதானாம். நீ வீட்டில் விட்டுவந்த வண்டியிலிருந்து உன் அக்கா அச்சு எடுத்திருக்கலாமாம். ஆர்வக்கோளாறில் செய்திருப்பாளாம், கெட்ட எண்ணம் இருக்காதாம், குடும்பத்துப் பெண் என்பதால் கடுமையான நடவடிக்கை வேண்டாமாம். எடுத்தவன் நீ, எனக்கு மன்னிப்பு வாங்கித் தருவதும் நீ. எத்தனை பெருந்தன்மை! அதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. செயலாளர் பயந்துபோய் எழுந்துவிட்டார்.

அதோடு நிறுத்தினாயா? சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள் என்றும் நீயே யோசனை சொல்லியிருக்கிறாய். மூல மாதிரி எப்போதும் அதிலிருந்து எடுத்த வார்ப்பைவிடப் பெரிதாக இருக்கும் என்று விளக்கம் வேறு. வெர்னியர் அளவுகோலின் தாடைகளுக்கு நடுவில் நம் மாஸ்டர், அந்த மூல மாதிரி, இருக்கிற படத்தையும் சேர்த்திருக்கிறாய். நூற்று எழுபத்தொன்பது மில்லிமீட்டர். செயலாளர் என் டாக்ஸியை என் கண்ணெதிரே அளந்தார். நூற்று எழுபத்தெட்டரை. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நான் திருடி ஆகிவிட்டேன்.

அந்தக் கணக்கு உனக்கு எங்கிருந்து தெரியும் என்று ஞாபகம் இருக்கிறதா? உன் பதிலைப் பார்த்தால் மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது, அதனால் சொல்கிறேன். பானெட் மாஸ்டரை நீ காலால் மிதித்து உடைத்தாய். பரவாயில்லை, வார்ப்பு ஒன்று கையில் இருக்கிறதே, அதிலிருந்தே புது அச்சு எடுத்துக்கொள்வோம் என்று சிலிக்கான் ரப்பரைக் கலந்தோம். ரெசின் காய்ந்து வெளியே வந்த பானெட் வண்டியில் உட்காரவே இல்லை, இரண்டு பக்கமும் இடைவெளி. இரண்டு பேரும் அரை நாள் சண்டை போட்டோம், நீ சரியாக ஊற்றவில்லை என்று நான், நீ சரியாகத் தேய்க்கவில்லை என்று நீ. பிறகுதான் இரண்டையும் அளந்து பார்த்தோம். வார்ப்பு சுருங்கும், வார்ப்பின் வார்ப்பு இன்னும் சுருங்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். சின்னப் பானெட்டைப் பார்த்து "பாவம், பேரப்பிள்ளைக்கு சட்டை பத்தல" என்று நீ சொன்னாய். நாம் இரண்டு பேரும் முட்டிமோதிக் கண்டுபிடித்ததை என் மேலேயே திருப்பியிருக்கிறாய். அந்நியன் செய்தால்கூட இவ்வளவு வலிக்காது. அந்நியனுக்கு இது தெரியவே தெரியாது.

மாஸ்டர் உன்னிடம் இருக்கிறது, நிஜம். கொடுத்தது யார்? நீ கிளம்பிய அன்று லேபிலிருந்து பஞ்சு கொண்டுவந்து, ஷூ டப்பாவில் வைத்துக் கட்டி, உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் செருகியது இந்தக் கைதான். அச்சு முப்பது தடவை ஊற்றினால் கிழிந்துவிடும், மாஸ்டர் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் புது அச்சு எடுத்துக்கொள்ளலாம், புது இடத்தில் உன் கை சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்தேன். எனக்கு இரண்டு பழைய அச்சு போதும் என்று வைத்துக்கொண்டேன், கண்காட்சியில் வைத்த டாக்ஸி அதில் ஊற்றியதுதான். மாடல் செய்கிற எவரும் மாஸ்டரைக் கையைவிட்டுக் கொடுக்க மாட்டார்கள். அத்தான் அன்றைக்கே கேட்டார். "என் தம்பிதானே" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

நீ ஒன்றும் செய்யவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பழைய இரும்புக் கிடங்கில் வெயிலில் மல்லாந்து படுத்து அந்த நிஜ டாக்ஸியை அளந்தது நீ. கிடங்குக்காரர், "வாங்கற மூஞ்சியா தெரியலையே, சட்டை தைக்கவா அளவெடுக்கறீங்க?" என்று கேட்டபோது சமாளித்ததும் நீ. ஊற்றுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது, ஒரு காற்றுக்குமிழி இருக்காது. ஆனால் அந்த உடம்பைப் பிளாஸ்டிக் தகட்டிலும் புட்டிப் பசையிலும் பதினாலு மாதம் உட்கார்ந்து செதுக்கியது நான். பல்லுக்கு மெருகு போட்டுப் போட்டுத் தேய்ந்த விரல் இது. நீ கேட்டிருந்தால் கம்பெனியில் உன் பெயரையே போடச் சொல்லியிருப்பேன். நீ என்னிடம் கேட்டு நான் இல்லை என்று சொன்ன பொருள் ஒன்று இருந்தால் சொல்லேன் பார்க்கலாம்.

இனி எழுதப்போவதை எழுதாதே என்றார் அத்தான். நேற்று மத்தியானம் இதைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதமே ஆகிவிட்டது. இருந்தும் எழுதுகிறேன்.

பின்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூரையைத் தாங்கும் ஒல்லித் தூண்கள் இருக்கின்றன அல்லவா, அவை மாஸ்டரில் உடைந்துகொண்டே இருந்தன. உள்ளே கம்பி வைக்கலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "கம்பி ஒரு மாதிரி இருக்கும், புட்டி ஒரு மாதிரி சுருங்கும், விரிசல் விட்டுடும்க்கா" என்று ஒற்றைக்காலில் நின்றாய். நீ நண்பர்களோடு ஊர் சுற்றப் போன வாரத்தில் நான் தூண்களை அறுத்து, லேபில் பல் கட்டுகிற எவர்சில்வர் கம்பியில் இரண்டு துண்டு வைத்து, புட்டி பூசி, தேய்த்து, மேலே பிரைமர் பூச்சும் அடித்துவிட்டேன். நீ திரும்பி வந்து தூணை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, நான் சொன்ன புட்டிதான் நிக்குது" என்று குதித்தாய். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை, ஆமாம்டா என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் நான் மறைத்தது ஆயுசில் அது ஒன்றுதான்.

ஆக, நீ செய்ததாகச் சொல்லும் மாஸ்டருக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியாது. அதை அனுப்பச் சொல்லி ஒரு எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு கம்பியும் வெள்ளைக் கோடாகத் தெரியும். எங்கள் லேபுக்கு மேல்மாடியில்தான் பல் டாக்டரின் எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது. செயலாளரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்கிறேன். "அவன் தூணை அறுத்துக் கம்பியை உருவிட்டான்னா உன் கையில என்ன இருக்கும்?" என்று அத்தான் கேட்டார். ஒன்றும் இருக்காது. அது எனக்கும் தெரியும்.

இருபத்திரண்டாம் தேதி சங்கக் கூட்டம். என்னை நீக்குவதோடு நிற்காது, நகல் எடுத்தவர் என்று என் பெயரை மற்ற சங்கங்களுக்கும் எழுதிவிடுவார்கள். பிறகு நான் என்ன செய்தாலும் அது யாரிடமிருந்து எடுத்தது என்றுதான் கேட்பார்கள். அம்மா காதுக்கும் வரும். அவளிடம் இதுவரை நான் மூச்சு விடவில்லை, நீயும் விடாதே. அவள் அந்தப் பெட்டியைக் காட்டிக்கொண்டே இருக்கட்டும். கூட்டத்துக்கு முன் நீ ஒரு வரி எழுதினால் போதும், செய்தது அக்கா என்று. கம்பெனிக்குச் சொல்லவேண்டாம், பெட்டியில் பெயரை மாற்றவேண்டாம், என்னிடம் மன்னிப்பும் கேட்கவேண்டாம், தானாக வந்தால் கேள். என்னைத் திருடி என்று எழுதிய கையே இல்லை என்றும் எழுதவேண்டும், அவ்வளவுதான். எக்ஸ்ரே காட்டி நான் ஜெயித்துவிடலாம். ஜெயித்த பிறகு உன்னிடம் எந்த முகத்தோடு பேசுவது, நீ என்னிடம் எப்படிப் பேசுவாய்? நமக்கு உடன்பிறப்பு என்று வேறு யாரும் இல்லையே.

நல்லபடியாக இரு. கோபத்தில் வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அம்மா உனக்கு எப்போதும் இருமலாகவே இருக்கிறது என்கிறாள். ரெசின் ஊற்றும்போது நீ முகமூடி போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும், பெரிய வீரன். ஜன்னலைத் திறந்து வை. முகமூடியைப் போடு. அங்கே உனக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்கா