ஒரு நாள் ஆயுள்

நவம்பர் 3, திங்கள்

டீம் லீட் பதவி பாண்டிமீனாவுக்காம். ஆறு வருஷமாக இந்த ஆரப்பாளையம் ஆபீசில் சர்வர்களோடு கட்டி மாரடிக்கிறவள் நான். அவள் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, சேர்த்துவிட்டதே நான்தான். முதலாளி ஜெயக்கொடி சார் இனிப்பு டப்பாவை என் மேசையில் வைத்துத்தான் திறந்தார். "நீங்க கூட இருந்து பாத்துக்கங்க சரண்யா."

பாத்துக்கிறேன். நல்லாப் பாத்துக்கிறேன்.

நவம்பர் 4

அந்த இனிப்பைத் தொடல. எறும்பு தின்னுட்டுப் போகட்டும்.

நவம்பர் 12, புதன்

திருமங்கலத்து ரத்தப் பரிசோதனை லேபின் இணையதளத்தை நாளை புது சர்வருக்கு மாற்றுகிறோம், பொறுப்பு பாண்டிமீனாவுடையது. சர்வர் முகவரியை மட்டும் மாற்றினால் போதாது. பழைய முகவரியை ஒருதரம் கேட்டு வாங்கிய கம்ப்யூட்டரும் போனும் அதையே ஞாபகம் வைத்திருக்கும், முகவரிப் பதிவில் எவ்வளவு ஆயுள் எழுதியிருக்கிறதோ அவ்வளவு நேரம். லேபுக்கு 86400 வினாடி. முழுசாக ஒரு நாள். மாற்றுவதற்கு முந்தின நாளே அதை ஐந்து நிமிஷமாகக் குறைத்துவிட வேண்டும்.

காலையில் பார்த்தேன், குறைக்கவில்லை. சாயங்காலமும் பார்த்தேன். மறந்துட்டா!

ஒரு வார்த்தை சொன்னால் வேலையை ஒரு நாள் தள்ளிப் போடலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

இன்று காலையில்தான் ஆயுளைக் குறைத்தாள், கூடவே முகவரியையும் மாற்றினாள். நேற்றே வாங்கி வைத்தவனுக்கு இன்றைய திருத்தம் எப்படித் தெரியும்? அவளுடைய லினக்ஸ் மெஷினே பழசைத்தான் காட்டியது. கேஷைத் துடைக்கும் கட்டளையை அடித்தாள். புதுசு வந்தது. துடைத்தது அவள் மெஷினின் ஞாபகத்தை மட்டும்.

"அக்கா, வந்துருச்சு! பழைய சர்வர அழிச்சிரவா? இன்னைக்கே ஒப்படைக்கணும்னாரு சாரு."

ஒரு நாள் பொறுடி என்றிருக்கலாம்.

"ம்" என்றேன்.

பொய்யா சொன்னேன்? 'ம்'னுதான சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று முழுக்கப் பாதிப் பேர் அழித்த பழைய சர்வரையே தேடிப் போனார்கள், ரிப்போர்ட் திறக்கவில்லை. லேப் வாசலில் சீட்டோடு கூட்டமாம். போன் செய்தவர்களிடமெல்லாம் "காத்திருங்க, தானா வந்துரும்" என்றேன். இதற்கு வேறு மருந்தும் கிடையாது. ஆயுள் முடிய வேண்டும். இன்று பத்து மணிக்கு எல்லாம் சரியாகிவிட்டது. அதற்குள் லேப்காரர் வேறு கம்பெனி பார்த்துவிட்டார்.

சார் எல்லார் முன்னாலும் கத்தினார். "இதுகூடத் தெரியாம எதுக்கும்மா ஒனக்கு லீட்டு? பையத் தூக்கிட்டுக் கெளம்பு."

கீழக்குயில்குடியில் அவள் அப்பா படுத்த படுக்கை. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. தெரியும் எனக்கு.

என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். "என் மெஷின்ல வந்துச்சேக்கா..." முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

நவம்பர் 17

லீட் நான்தான்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் பாண்டிமீனா செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, புதுக் கம்பெனில எடுத்துக்கிட்ட மாதிரிதான். விசாரிக்க உங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன். உங்கள விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

பதினொரு மணிக்கு அந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நல்ல பொண்ணுதான் என்றேன். ஆனா கவனம் பத்தாது, ஒரு பெரிய கஸ்டமர் அவளாலதான் போச்சு என்றேன். அவள் எங்கேயோ போய் நன்றாக இருப்பதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. ஏன்? என்னடி செஞ்சா அவ ஒன்ன?

நாலு மணிக்கு மறுபடி கேட்டாள்: "இன்னும் கூப்பிடலயாக்கா?"

"இல்ல மீனா. காத்திரு, கூப்பிடுவாங்க" என்று அனுப்பினேன்.