பார்சலை எடுக்க வீட்டுக்கே வருகிறார்கள்

ஆகஸ்ட் 20, புதன்

சாமி விக்கிரகங்களுக்கு நான் தைக்கும் பட்டுத் துணிகளை அனுப்ப, போன மாதம் இவர் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தார். எடையும் முகவரியும் அடித்தால் லேபிள் வந்துவிடுகிறது. பார்சலை எடுக்க வீட்டுக்கே ஆள் வருகிறார். "இனிமே நீ வெயில்ல அலைய வேணாம்" என்று இவர் சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்று எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர், "என்னம்மா, ஊர்ல இல்லியா? ஆளையே காணோம்?" என்று கேட்டார். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். அதன்பிறகு வேலை ஓடவில்லை.

ஆப் வரும்வரை தினமும் ஏரிக்கரை வழியாகத் தபால் நிலையத்துக்கு நடப்பேன். வழியில் நின்று நீர்க்கோழிகளைப் பார்ப்பேன். கவுண்டரில் மாலதி, "என்னக்கா, இன்னிக்கு எந்த ஊர் முருகருக்குப் புது டிரஸ்ஸு?" என்று கிண்டல் செய்வாள். பார்சல் போடப் போகிறேன் என்றால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்றால் கேட்பார்கள்.

ராத்திரி கோயம்புத்தூர் பார்சலுக்கு லேபிள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து எடுக்கட்டுமா, தபால் நிலையத்தில் நேரில் கொடுக்கிறீர்களா என்று ஆப் கேட்டது. நேரில் என்பதை அழுத்தினேன்.

இவர் எட்டிப் பார்த்து, "தப்பா அமுக்கிட்ட பாரு" என்றார்.

"இல்லங்க, தெரிஞ்சுதான்."

ஏன் என்று கேட்பார் என நினைத்தேன். ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு மழை வந்தாலும் போக வேண்டும்.